ஆறு மாத மாத்திரை, ஜனவரி மாரத்தான்: படுப்பதா, நடப்பதா, ஓடுவதா?

ஜனவரியில் நடக்கும் அரை மாரத்தானுக்கு, அதாவது இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டத்துக்கு, பணம் கட்டியது 2024 ஜூலையில். சளியில் காசநோய்க் கிருமி இருக்கிறது என்ற தாள் கைக்கு வந்தது செப்டம்பர் இரண்டாவது வாரம். நடுவில் இருந்த இரண்டு மாதமும் என் உடம்பு சொன்ன ஒவ்வொன்றுக்கும் நான் வேறு வேறு பேர் வைத்துக்கொண்டிருந்தேன்.

54 கிலோ இருந்தவள் 47.5க்கு வந்தேன், பயிற்சி பலன் தருகிறது என்று சந்தோஷப்பட்டேன். இருமலுக்கு எண்ணூர் விரைவுச் சாலையில் வரிசை கட்டி நிற்கும் கன்டெய்னர் லாரிகளைத் திட்டினேன். ராத்திரி நைட்டி நனைகிற அளவுக்கு வியர்த்தது. தண்டையார்பேட்டையில் ஆகஸ்ட் மாதம் யாருக்குத்தான் வியர்க்காது? கிலோமீட்டருக்கு ஆறரை நிமிடம் என்று இருந்த வேகம் ஏழே காலுக்கு இறங்கியபோது ஓட்டக் குழுவில் ஓர் அண்ணன் 'ஓவர் டிரெய்னிங்' என்றார். அதையும் நம்பினேன். சரியாகச் சொன்னது எதிர்வீட்டு மீன்கார ஆயா மட்டும்தான். "இன்னாமே, ஓடி ஓடி கருவாடு கணக்கா ஆய்ட்ட. போய் ஒரு போட்டோ புடிச்சுப் பாரு." போட்டோ என்றால் நெஞ்சு எக்ஸ்ரே. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளி கொடுத்துப் பார்க்க வேண்டும் என்று சுகாதார நிலையச் சுவரில் எழுதியிருக்கும். அந்தச் சுவரை ஒட்டித்தான் வாரம் மூன்று நாள் ஓடிக்கொண்டிருந்தேன்.

மருந்து விஷயத்தில் தேர்ந்தெடுக்க ஒன்றும் இருக்கவில்லை. மருந்துக்குக் கட்டுப்படும் கிருமி என்று, சளியில் கிருமியின் மரபணுவைப் பார்க்கும் சிபிநாட் சோதனை சொல்லிவிட்டது. முதல் இரண்டு மாதம் ரிஃபாம்பிசின், ஐசோனியசிட், பைராசினமைடு, எத்தாம்புட்டால் என்று நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை, அடுத்த நான்கு மாதம் பைராசினமைடு தவிர மற்ற மூன்று மருந்து. எத்தனை மாத்திரை என்பது எடையைப் பொறுத்தது. 35 முதல் 49 கிலோ வரை இருப்பவர்களுக்குத் தினம் மூன்று. அதில் விவாதமே கிடையாது. விவாதம் எல்லாம் ஓட்டத்தைப் பற்றித்தான்.

டாக்டரிடம் கேட்டேன். "முடிஞ்சா பண்ணுங்க, முடியலைன்னா விடுங்க" என்றார். அவரைக் குறை சொல்ல மாட்டேன், வெளியே நாற்பது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். ஆனால் 'முடிஞ்சா' என்ற சொல்லை ஓடுகிறவளிடம் சொல்லக் கூடாது. முடியாததை முடித்துக் காட்டுவதற்காகத்தான் நாங்கள் காலை நாலரைக்கு எழுந்திருக்கிறோம்.

வீட்டுக்கு வந்தால் ஆளுக்கொரு வழி. அத்தை: ஆறு மாசம் படுக்கையை விட்டு எழுந்திருக்காதே. குழு அண்ணன்: ஜனவரிக்கு இன்னும் பதினாறு வாரம் இருக்கு, காய்ச்சல் நின்னதும் ஆரம்பி. வீட்டுக்காரர்: ரோடு வேண்டாம், தூசி, ஜிம்மில் சேர். காசநோய்ப் பிரிவு அக்கா: எடை ஏறட்டும்மா, அதுவரைக்கும் நட. இந்த நான்கையும் ராஜாஜி சாலையில் நான் வேலை பார்க்கும் கிளியரிங் ஆபீஸில் சரக்குக் கணக்கு போடுவது போல ஒரு தாளில் போட்டுப் பார்த்தேன். அந்தக் கணக்குதான் இது. என் நுரையீரலுக்குப் போட்ட கணக்கு என்பதை மறந்துவிடாதீர்கள்.

அத்தையின் வழி: படுக்கை

அத்தை சொன்னதைப் பழம்பேச்சு என்று தள்ள முடியாது. ஒரு காலத்தில் டாக்டர்களே அதைத்தான் சொன்னார்கள். மின்சார ரயிலில் தாம்பரம் வருவதற்குச் சற்று முன்னால் 'சானடோரியம்' என்று ஒரு ஸ்டேஷன் வருகிறதே, அது 1928இல் டாக்டர் சவுரிமுத்து காசநோயாளிகளுக்காகத் தொடங்கிய இடத்தின் பேர். நல்ல காற்று, நல்ல சாப்பாடு, நாள் முழுக்கப் படுக்கை. மருந்து இல்லாத காலத்தில் வேறு என்ன இருந்தது?

அந்த நம்பிக்கையை உடைத்ததும் இதே ஊர்தான். 1956இல் சேத்துப்பட்டில் காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கியது; இன்றைக்கு அது தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். சென்னையின் நெருக்கடியான ஏழைப் பகுதிகளிலிருந்து வந்த நோயாளிகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியைச் சானடோரியத்தில் சேர்த்தார்கள், மறு பாதிக்கு வீட்டிலேயே மருந்து. இரண்டு பக்கமும் ஒரே மருந்து, ஒரு வருடம். வீட்டில் இருந்தவர்கள் சாப்பிட்டது மட்டம், ஓய்வு குறைவு, எழுந்து நடமாடி வேலையும் பார்த்தார்கள். அப்படியும் இரண்டு பக்கமும் குணமானவர்கள் கிட்டத்தட்ட ஒரே அளவு. வீட்டில் உடன் இருந்தவர்களுக்கும் நோய் அதனால் கூடுதலாகப் பரவவில்லை. 1959இல் வெளியான இந்த முடிவுக்குப் பிறகு உலகம் முழுக்கச் சானடோரியங்களின் தேவை குறைந்துகொண்டே போனது. என் கைக்கு இப்போது மாத்திரை அட்டை வருகிறது, கட்டில் வரவில்லை என்றால் அதற்கு வேர் சேத்துப்பட்டில் இருக்கிறது.

இதைப் படித்தபோது எனக்குத் துள்ளலாக இருந்தது. பார்த்தீர்களா, படுக்க வேண்டியதில்லை! ஆனால் அந்த ஆய்வு சொல்வது, படுத்துக் கிடப்பதால் மருந்துக்குக் கூடுதல் பலம் வந்துவிடாது என்பதை. இருபத்தொரு கிலோமீட்டர் ஓடினாலும் ஒன்றும் ஆகாது என்று அது சொல்லவில்லை. அந்த நோயாளிகள் சமைத்தார்கள், கடைக்குப் போனார்கள், கூலிக்குப் போனார்கள். ஒருவரும் ஸ்டாப்வாட்ச் கட்டிக்கொண்டு போகவில்லை. எனக்கு வேண்டியதை மட்டும் அதிலிருந்து பொறுக்கிக்கொண்டேன் என்று பிறகுதான் உறைத்தது.

படுக்கை வழியில் இன்னொரு ஓட்டை இருந்தது, அதை எந்த ஆய்வும் சொல்லாது. எங்கள் வீடு இரண்டாவது மாடி. குழாயில் நீர் ஏறாத நாளில் மெட்ரோ வாட்டர் லாரி தெருமுனையில் நிற்கும். பதினைந்து லிட்டர் குடம், முப்பத்தாறு படி. அத்தை "ஓடாதே, படு" என்றார்கள். குடத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. ஓட்டத்தை நிறுத்திய மூன்றாம் நாள் நாலு குடம் தூக்கிவிட்டுப் படியில் உட்கார்ந்து இருமியபோதுதான் தெரிந்தது: ஒரு வீட்டுப் பெண்ணுக்கு 'முழு ஓய்வு' என்றால், அவள் தனக்காகச் செய்துகொண்டிருந்த ஒரே வேலையை நிறுத்துவது என்று அர்த்தம். மற்ற வேலையெல்லாம் அப்படியே இருக்கும். அன்றைக்கு ராத்திரி வீட்டில் சண்டை. மறுநாளிலிருந்து குடம் வீட்டுக்காரர் பொறுப்பு.

ஆக, படுக்கையை ஆறு மாதத்துக்கு நான் ஏற்கவில்லை. முதல் மூன்று வாரத்துக்கு ஏற்றுக்கொண்டேன். சாயங்காலக் காய்ச்சல் இருந்தவரை எழுந்து நிற்கவே பிடிக்கவில்லை, இதில் தேர்வு எங்கே இருந்தது?

அண்ணன் சொன்ன வழி: காய்ச்சல் நின்றதும் ஜனவரிக்கு

என் மனசு முழுக்க இதன் பக்கம்தான் இருந்தது. அதனாலேயே இதற்கு எதிராகத்தான் அதிகம் யோசித்தேன்.

முதலில் இதற்குச் சாதகமானது. ஓடினால் மருந்து வேலை செய்யாது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. மாத்திரை தொடங்கிய சில நாளிலேயே கிருமி எண்ணிக்கை வேகமாக இறங்குகிறது. இரண்டு வாரம் ஒழுங்காகச் சாப்பிட்டால் மற்றவருக்குத் தொற்றும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும் என்பதுதான் வழக்கமாகச் சொல்வது. காய்ச்சல் மூன்றாவது வாரம் நின்றது. பசி எடுத்தது. கால் துறுதுறுத்தது. ஆறு வாரம் பொறுத்தால் பத்து வாரம் கையில் இருக்கும், அரை மாரத்தானுக்குப் போதும் என்று அண்ணன் ஒரு அட்டவணையே போட்டு அனுப்பிவிட்டார்.

இப்போது எடைக் கணக்கு. ஒரு கிலோமீட்டர் ஓடினால் உடம்பு எடையில் கிலோவுக்கு ஒரு கலோரி என்ற அளவில் செலவாகும். 47 கிலோ உடம்பு பத்து கிலோமீட்டர் ஓடினால் கிட்டத்தட்ட 470 கலோரி, அதாவது ஆறு முட்டைக்கு மேல். அந்த ஆறு முட்டை ஓட்டத்துக்கு முன் இருந்த எடையிலேயே நிறுத்தி வைக்க மட்டும். ஏறுவதற்குத் தனியாகச் சாப்பிட வேண்டும். மாத்திரை போட்ட முதல் மாதத்தில் காலை இட்லியே இரண்டுக்கு மேல் இறங்கவில்லை.

எடையில் என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஜார்க்கண்டில் 2019 முதல் 2022 வரை, அதே சேத்துப்பட்டு நிறுவனத்தின் பங்கோடு ஒரு பெரிய ஆய்வு நடந்தது. 2,800 காசநோயாளிகளுக்கு மருந்தோடு மாதாமாதம் உணவுப் பொருளும் கொடுத்துப் பார்த்தார்கள். முதல் இரண்டு மாதத்தில் எடை 5 சதவீதம் ஏறியவர்களிடம் இறப்பு அபாயம் 61 சதவீதம் குறைவாக இருந்தது. அவர்களில் பெரும்பாலோர் என்னைவிட மிகவும் மெலிந்தவர்கள், அந்த எண்ணை அப்படியே என் மேல் ஒட்டவைக்க முடியாது. ஆனால் திசை தெளிவாகத் தெரிந்தது: முதல் இரண்டு மாதம் உடம்பில் சேருகிற ஒவ்வொரு அரைக் கிலோவும் சிகிச்சையோடு சேர்ந்தது. எனக்கு 5 சதவீதம் என்றால் 2.4 கிலோ. அதைப் பந்தயத்துக்கான பயிற்சியில் எரிப்பது, அரசு உணவுக்கென்று கணக்கில் போடும் பணத்தை ஷூவுக்குச் செலவழிப்பது போல. (மாதம் 500 ரூபாயாக இருந்த அந்தப் பணம் அந்த நவம்பரிலிருந்துதான் ஆயிரமானது. என் வீட்டில் அது முட்டையாகவும் வேர்க்கடலையாகவும் வாளை மீனாகவும் வந்தது.)

அடுத்தது ரத்தப் பரிசோதனை, ஓடுகிறவர்கள் கவனிக்க வேண்டிய இடம். இந்த மாத்திரைகளில் மூன்று ஈரலைத் தாக்கக்கூடியவை. குமட்டல், வாந்தி, பசியே இல்லாமல் போவது வந்தால் ஈரல் பரிசோதனை எடுப்பார்கள். அதில் பார்க்கும் எஸ்ஜிஓடி என்ற நொதி ஈரலில் மட்டும் இல்லை, தசையிலும் இருக்கிறது. முதல் நாள் நீண்ட ஓட்டம் ஓடிவிட்டு மறுநாள் ரத்தம் கொடுத்தால் அது ஏறித் தெரியும். பார்ப்பவர் மருந்துதான் காரணம் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவைக்கலாம். தேவையில்லாமல் மருந்து நிற்பது இந்த நோயில் சின்ன விஷயமில்லை. ஆகவே ரத்தம் கொடுக்கப் போகும்முன் சில நாள் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம், ஓடினால் ஓடினேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும். இன்னொன்று: ரிஃபாம்பிசினால் சிறுநீர் ஆரஞ்சு நிறமாகும், வியர்வையும் லேசாக நிறம் மாறும். முதல் நாள் பார்த்துப் பதறிப்போனேன். மஞ்சள்காமாலையைச் சிறுநீரை வைத்துக் கண்டுபிடிக்க முடியாது என்பதால் தினம் கண்ணாடியில் வெள்ளை விழியைப் பார்க்கப் பழகிக்கொண்டேன்.

மூன்றாவது, என் எக்ஸ்ரேயில் வலது மேல் பக்கம் ஒரு சின்னக் குழி இருந்தது. சளியில் ரத்தம் வந்ததா என்று டாக்டர் இரண்டு தரம் கேட்டார். வரவில்லை. வந்திருந்தால் மூச்சிரைக்கும் வேலை எதுவும் இப்போதைக்குக் கூடாது என்றார். சும்மா உட்கார்ந்திருக்கும்போது நிமிடத்துக்கு ஆறிலிருந்து எட்டு லிட்டர் காற்று இழுக்கிறோம். வேகமாக ஓடினால் அது பத்து மடங்கு. எண்ணூர் சாலையின் டீசல் புகையைப் பத்து மடங்கு இழுக்க, ஆறிக்கொண்டிருக்கும் நுரையீரலை ஏன் கூப்பிட வேண்டும்?

அண்ணனின் அட்டவணையைப் பார்த்தால் இதில் ஒன்றுக்கும் கட்டம் இல்லை. வாரம், கிலோமீட்டர், வேகம், அவ்வளவுதான். பந்தயத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி எழுதிய அட்டவணை அது. இந்த வழியைத் தாளில் அடித்த பிறகுதான் அழுதேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஜிம்

இதற்கு நீளமான விளக்கம் வேண்டாம். ஜன்னல் மூடிய ஏசி அறை, பத்துப் பேர் மூச்சு வாங்கும் இடம். தொற்று அடங்காத முதல் வாரங்களில் ஒரு காசநோயாளி போகக் கூடாத இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன். வெளிக்காற்றில், வெயிலில், தள்ளி நடந்தால் அந்த ஆபத்து எவ்வளவோ குறைவு. மூன்றாவது மாதத்துக்கு மேல் லேசான எடைப் பயிற்சி நல்லதுதான், இழந்த தசை திரும்ப வேண்டும். அதற்கு எனக்கு வீட்டு மொட்டை மாடியும் இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலும் போதுமாக இருந்தன. மாதக் கட்டணம் கட்டியிருந்தால் கட்டின பாவத்துக்குப் போயிருப்பேன்.

அக்காவின் வழி: எடை ஏறும்வரை நடை

முதல் நாள் மருத்துவமனையில் இந்த அக்காதான் என்னை உட்காரவைத்துப் பதிவு செய்தார். தமிழ்நாட்டில் 2022இல் தொடங்கிய காசநோய் இறப்பில்லாத் திட்டத்தில் புதிதாக வருகிறவர்களை உடனே எடைபோட்டு, கால் வீக்கம், மூச்சு எண்ணிக்கை, ஆக்சிஜன் அளவு பார்த்து, யாரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும் என்று பிரிக்கிறார்கள். அதில் ஒரு கேள்வி: பிடிமானம் இல்லாமல் நிற்க முடிகிறதா?

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "போன மாசம் பதினெட்டு கிலோமீட்டர் ஓடினேன்க்கா."

"அத்த கேக்கலம்மா. இப்ப நிக்க முடியுதா?"

நின்றேன். எழுதிக்கொண்டார். இந்த நான்கு வழியிலும் எனக்குச் சரியாகப் பட்டது இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பிய வழிதான். போன மாதத்து உடம்பையும் கேட்காமல், ஜனவரி மாதத்து உடம்பையும் கேட்காமல், இன்றைக்கு இருப்பதைக் கேட்கிற வழி.

ஆனால் 'எடை ஏறும்வரை நட' என்பதும் டாக்டரின் 'முடிஞ்சா' போலத் தொளதொளவென்று இருந்தது. நானே கணக்கு வைத்துக்கொண்டேன். ஒரு வாரமாகக் காய்ச்சல் இல்லாமல் இருக்க வேண்டும். காலையில் எழுந்ததும் எண்ணும் நாடி: நல்ல காலத்தில் எனக்கு 54, நோய் தெரிந்தபோது 82, அது 65க்குக் கீழே வரும்வரை நடை மட்டும். எடை வாரம் ஒருமுறை, அதே மருந்துக்கடை எந்திரத்தில், அதே ஞாயிற்றுக்கிழமை. ஒரு வாரம் இறங்கினால் அடுத்த வாரம் தூரம் பாதி. நடக்கும்போது ஒரு முழு வாக்கியம் பேச முடியவில்லை என்றால் நிற்க வேண்டும். இவை எந்தப் புத்தகத்திலும் இருந்து எடுத்தவை இல்லை, டாக்டரிடம் காட்டித் தலையாட்டல் வாங்கிக்கொண்டவை.

எங்கே நடப்பது? எண்ணூர் விரைவுச் சாலையை லாரிக்கு விட்டுவிட்டேன். காசிமேடு பக்கம் விடியற்காலை நெரிசல், ஏலம், ஐஸ் வண்டி. பெரம்பூரில் முரசொலி மாறன் பூங்கா நல்ல இடம், ஆனால் அங்கே போக ஒரு பஸ், வர ஒரு பஸ். கடைசியில் எனக்குக் கைகொடுத்தது மெட்ரோ ரயில். 2021 பிப்ரவரியில் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை நீட்டினார்களே, அதே வழி. தண்டையார்பேட்டை, புது வண்ணாரப்பேட்டை, சுங்கச்சாவடி, காலடிப்பேட்டை, திருவொற்றியூர் தேரடி என்று ஒரு கிலோமீட்டர் சொச்சத்துக்கு ஒரு ஸ்டேஷன். ஒரு திசையில் நடந்துகொண்டே போவேன், உடம்பு போதும் என்றால் அடுத்த ஸ்டேஷனில் ஏறித் திரும்பிவிடுவேன். நோயிலிருந்து எழுகிறவருக்குப் பெரிய பயம் போகும் தூரமில்லை, திரும்பி வரும் தூரம். அந்தப் பயம் இல்லாததால் தைரியமாக மெதுவாக நடந்தேன். ரயிலில் முகக்கவசம் கழற்றவில்லை.

நேரமும் மாறியது. மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டால் நல்லது என்றார்கள். போட்டால் ஒரு மணி நேரம் குமட்டும். முதலில் நடை, பிறகு மாத்திரை, பிறகு சாப்பாடு என்று வைத்துக்கொண்டேன். நாலரை மணிக்கு எழுந்த பழக்கம் ஆறாக நகர்ந்தது. இதுவே எனக்குப் பெரிய இறக்கமாகப் பட்டது, இப்போது நினைத்தால் சிரிப்பாக இருக்கிறது.

இந்த வழியிலும் வழுக்கல் இருந்தது. அக்டோபரில் முட்டியும் கணுக்காலும் வலித்தன. நடைதான் காரணம், ஷூ தேய்ந்துவிட்டது என்று 800 ரூபாய்க்கு உள்பாதம் வாங்கிப் போட்டேன். வலி போகவில்லை. பைராசினமைடு யூரிக் அமிலத்தை ஏற்றும், மூட்டு வலி அதனால் வரும் என்று அக்கா சொன்ன பிறகுதான் ரத்தம் பார்த்தோம். முதல் இரண்டு மாதம் முடிந்து அந்த மருந்து நின்றதும் இரண்டே வாரத்தில் வலி போய்விட்டது. ஓடுகிறவர்கள் எந்த வலி வந்தாலும் ஷூவிலிருந்து ஆரம்பிப்போம். விரலில் மரமரப்பு வந்தால் ஐசோனியசிட், சிவப்பு பச்சை குழம்பினால் எத்தாம்புட்டால். இரண்டையும் தாமதிக்காமல் சொல்ல வேண்டும். சிக்னல் விளக்கைப் பார்த்துத் தினம் சோதித்துக்கொள்வது என் வழக்கமானது.

நவம்பர் கடைசியில் ஃபெங்கல் புயல், தெருவில் முழங்கால் நீர், ஒரு வாரம் வீட்டுக்குள். அந்த வாரத்தில் மட்டும் எடை 700 கிராம் ஏறியது, மீன்குழம்பு காரணம். இரண்டாம் மாதக் கடைசியில் சளியில் கிருமி இல்லை, எடை 50.1. நாடி 62. புயல் வந்த வாரம்தான் ஒரு நிமிடம் ஓட்டம், நாலு நிமிடம் நடை என்று தொடங்க முடிவு செய்திருந்தேன், மழையால் டிசம்பருக்குத் தள்ளிப்போனது. தேரடிப் பக்கம் முதல் ஒரு நிமிடம் ஓடியபோது பின்னால் வந்த பால்காரர் மணி அடித்து ஓரமாகப் போகச் சொன்னார். அவ்வளவு மெதுவாக ஓடியிருக்கிறேன்.

ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். இந்த வழி, வழக்கமான மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு. ஐசோனியசிடுக்குக் கிருமி கட்டுப்படவில்லை என்று சோதனையில் தெரிந்தால் லெவோஃப்ளாக்சசின் சேர்ப்பார்கள். அந்த வகை மருந்து தசைநாண்களைப் பலவீனப்படுத்தும். குதிகால் நாண் அறுந்துபோகவும் வாய்ப்புண்டு. அவர்களுக்கு நடையோடு நிறுத்துவதே பாதுகாப்பு, குதிகாலுக்கு மேல் லேசாக வலித்தாலும் நின்றுவிட வேண்டும். அதேபோல் சளியில் ரத்தம் வந்தவர்கள், சர்க்கரை நோயும் சேர்ந்தவர்கள், நுரையீரலைச் சுற்றி நீர் கோத்தவர்கள் என்று ஒவ்வொருவருக்கும் தாள் வேறு, கணக்கு வேறு.

பிப்பும் குழுவும்

பிப் என்றால் பந்தயத்தில் சட்டையில் குத்திக்கொள்ளும் எண் அட்டை. பந்தயத்துக்கு இரண்டு வாரம் முன்னால் குழுவில் ஒரு பெண் கேட்டாள்: "அக்கா, உங்க பிப்ப எனக்குக் குடுங்களேன், சும்மாதானே கிடக்கு." கொடுக்கவில்லை. அவளுக்கு வழியில் ஏதாவது ஆனால் பிப்பின் பின்னால் இருக்கும் பேரும் ரத்த வகையும் என்னுடையவை. கஞ்சத்தனம் என்று நினைத்திருப்பாள், நினைக்கட்டும்.

குழுவிடம் நோயைச் சொல்வதா மறைப்பதா என்பதும் ஒரு தேர்வாகத்தான் இருந்தது. 'காலில் அடி' என்று சொன்னால் எல்லாரும் பரிதாபப்பட்டிருப்பார்கள். ஆனால் ஜூலை முதல் செப்டம்பர் வரை ஒவ்வொரு ஞாயிறும் ஓட்டம் முடிந்து ஒரே வேனில் ஜன்னல் மூடித் திரும்பியிருக்கிறோம். அவர்கள் சோதித்துக்கொள்ள வேண்டும். சொன்னேன். இருவர் போய் எக்ஸ்ரே எடுத்தார்கள், ஒன்றுமில்லை. ஒருவர் மட்டும் இன்றைக்கும் என் தண்ணீர் பாட்டில் பக்கம் கை நீட்ட மாட்டார். வீட்டில் மகனுக்கும் அத்தைக்கும் வீட்டுக்காரருக்கும் சோதித்து, நோய் இல்லை என்று உறுதி செய்துகொண்டு தடுப்பு மாத்திரை கொடுத்தார்கள். அத்தைக்கு அந்த மாத்திரைமேல் ஏக எரிச்சல். "ஓடினது நீ, மாத்திரை எனக்கா?"

பந்தய நாளன்று காலை நான் காலடிப்பேட்டை வரை நடையும் ஓட்டமுமாகப் போய், மெட்ரோவில் திரும்பி, ஆப்பம் சாப்பிட்டேன். குழுவின் படங்கள் போனில் வந்துகொண்டே இருந்தன. மத்தியானம்வரை போனைத் திறக்கவில்லை. அடுத்த வாரம் போகி. புகை மண்டலம் கலைய இரண்டு நாள் ஆனது, இரண்டு நாளும் மொட்டை மாடிகூடப் போகவில்லை.

மார்ச்சில் மாத்திரை முடிந்தது. கடைசிச் சளியிலும் கிருமி இல்லை. எக்ஸ்ரேயில் வலது மேலே ஒரு வடு இருக்கிறது, அது அப்படியேதான் இருக்கும் என்றார்கள். எடை 53. ஏப்ரலில் நிற்காமல் ஐந்து கிலோமீட்டர், கிலோமீட்டருக்கு எட்டு நிமிடம். அண்ணன் புது அட்டவணை அனுப்பியிருக்கிறார், இந்தத் தடவை எடைக்கு ஒரு கட்டம் போட்டு. அடுத்த ஜனவரிக்கு இன்னும் பணம் கட்டவில்லை.

லாரி வரும் நாளில் குடம் இன்னும் வீட்டுக்காரர்தான் தூக்குகிறார். எனக்குக் குணமாகிவிட்டது என்பதை அவரிடம் அழுத்திச் சொல்ல நான் அவசரப்படவில்லை.